வீடில்லாக் கதவுக்கு இரண்டு விளக்கு

கிர்க்டூலி நகரத்தில் ஒருவர் புரோவோஸ்ட், அதாவது நகரத் தலைவர், ஆகிவிட்டார் என்பதற்குக் கழுத்துச் சங்கிலி அடையாளம் அல்ல. சங்கிலியை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். முந்தைய நகரத் தலைவர் இறந்தபோது அவருடைய விதவை அதைத் திருப்பித் தர மனமில்லாமல் கழுத்தில் போட்டுக்கொண்டே மீன் வாங்கப் போனாள். உண்மையான அடையாளம் விளக்குதான். புரோவோஸ்ட் வீட்டு வாசலில் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நகர முத்திரை பொறித்த இரண்டு கேஸ் விளக்குக் கம்பங்கள். குறையோடு வரும் குடிமகன் இருட்டில் தலைவர் வீட்டைத் தேடித் தடுமாறக் கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. அப்படிக் குறையோடு வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு அபராதம் என்பது அவர்களுக்கு அடுத்த முன்னோர் செய்த ஏற்பாடு. இரண்டும் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தி வந்தன.

வால்டர் மட்ரி புரோவோஸ்ட் ஆனதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை. உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பீப்பாய்களில் அடைத்து பால்டிக் துறைமுகங்களுக்கு அனுப்பும் வியாபாரி அவர். மேலே என்ன மீன் வைக்கிறாரோ அதே மீனைப் பீப்பாயின் அடியிலும் வைப்பார். அதனால் மற்ற வியாபாரிகள் அவரைக் கொஞ்சம் மந்தம் என்று நினைத்தார்கள். தேர்தல் நாளில் நகரமன்றம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சரிக்குச் சரி நின்று, காலையிலிருந்து மாலை வரை ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தது. பசி வந்ததும் பொதுவான ஓர் ஆளைத் தேடினார்கள். அந்த அறையில் யாரும் திட்டாத ஒரே ஆள் மட்ரிதான். காரணம், அவர் அந்த அறையிலேயே இல்லை. துறைமுகத்தில் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி எஃபியிடம் செய்தியைச் சொன்னார். எஃபி அவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவர்கள் குடியிருந்த கூடைச்சந்தில் எல்லாப் பெண்டாட்டிகளும் அப்படித்தான்.

"நல்லாக் கேட்டுக்க மட்ரி. சங்கிலி தொங்குனா தொங்கட்டும். இந்தச் சந்துக்கு நல்ல தண்ணி வரணும். வரலேன்னா அதே சங்கிலியில உன்னைக் கட்டி அந்தக் கிணத்துல இறக்கிடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சந்தின் கீழ்க்கோடியில் இருந்த கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோல் ஊறப்போடும் தொட்டிகள். இலை போடாமலே தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். போன இலையுதிர்காலத்தில் காய்ச்சல் அந்தக் கிணற்றிலிருந்து ஏறி வந்து, எதிர்வீட்டில் குடியிருந்த எஃபியின் அக்கா மேரியனைக் கொண்டுபோயிற்று. மேரியனின் பிள்ளைகள் இன்னும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மட்ரி தலையாட்டினார். புரோவோஸ்ட் ஒரு வார்த்தை சொன்னால் குழாய் வந்துவிடும் என்று அப்போது அவர் நம்பினார். மன்றக் கூட்டங்களில் அவர் அதிகம் உட்கார்ந்ததில்லை.

முதல் தடங்கல் விளக்கால் வந்தது. வாசலில் விளக்கு ஏறாதவரை புரோவோஸ்ட் நாற்காலியில் உட்காரக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. விளக்குக் குழு மட்ரியின் வாசலைப் பார்வையிட வந்தது. குழுவின் தலைவர் பெய்லி ருத்வன். பெய்லி என்றால் நகரத்தின் துணைத்தலைவர்; தொழிலில் அவர் பீர் ஆலை முதலாளி. தண்ணீர்க் குழுவுக்கும் அவரே தலைவர். நீரையும் நெருப்பையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நகரம் நிம்மதியாக இருந்தது.

கூடைச்சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு பல்லியாக வேண்டும். ருத்வன் பல்லியாகும் உடல்வாகு கொண்டவர் அல்ல. பாதி வழியில், முதுகில் மீன்கூடையோடு மீன்காரி பெக்கி கௌ எதிரே வந்து நின்றாள். கனவான்கள் அவளைப் பின்னால் போகச் சொன்னார்கள். அவளோ கூடையை இறக்கவே இல்லை.

"நான் எப்படிங்க பின்னால போறது? எனக்குப் பின்னால ஆறு கூடை நிக்குது. நீங்க போங்க. இல்லேன்னா வயித்தை வீட்டுல வெச்சிட்டு வாங்க, பெய்லி ஐயா."

விளக்குக் குழு பெரிய வீதி வரை பின்பக்கமாகவே நடந்து போயிற்று. பிறகு சுற்றிக்கொண்டு வந்து மட்ரியின் வாசலைச் சேர்ந்தது. கம்பம் நட அங்கே இடமில்லை. ஒரு கம்பத்தை நட்டால் கதவு திறக்காது, இரண்டை நட்டால் சந்தே திறக்காது. எதிர்வீட்டை இடிக்கலாம் என்றார் ஒருவர். கம்பத்தைப் படுக்க வைக்கலாம் என்றார் இன்னொருவர். ஒரு விளக்கை வாசலிலும் மற்றதைச் சமையலறையிலும் வைத்தால் சமநிலை கெடாது என்றார் மூன்றாமவர். எஃபி கரண்டியோடு சமையலறைக் கதவில் வந்து நின்றதும் அந்த யோசனை தானாகவே விலகிக்கொண்டது. வேறு வீட்டுக்குக் குடிபோகலாமே என்று கேட்டதற்கு, அக்கா பிள்ளைகளை விட்டுவிட்டு நகரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மட்ரி தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். கதவுக்கு மேலே ஆணி அடித்து ஒரு லாந்தரை மாட்டிக்கொண்டால் என்ன?

குழு அவரை இரக்கத்தோடு பார்த்தது. மன்றச் செயலர் டல்சீல் தொண்டையைச் செருமினார். மூன்று புரோவோஸ்ட்டுகளைப் புதைத்தவர். நான்காமவருக்கும் அளவெடுப்பவர்போலத்தான் எப்போதும் பார்ப்பார்.

"ஐயா, ஆணியில தொங்குறது மாட்டுக் கொட்டகைக்கு. அதிகாரம் கம்பத்து மேலதான் நிக்கும்."

போகிற போக்கில் மட்ரி தண்ணீர்க் குழாயைப் பற்றி ருத்வனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். ருத்வன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு அறிவுரை சொன்னார். தலைவரே தான் குடியிருக்கிற சந்துக்குத் தண்ணீர் கேட்பது சுயநலம். ஊர் சிரிக்கும். நல்லவர் என்று பெயர் எடுத்தவருக்கு இது அழகல்ல. மட்ரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட வேண்டியவர் தானா, ருத்வனா என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் யோசித்தார்.

விளக்குச் சிக்கலைத் தீர்த்தவர் டல்சீல். கூடைச்சந்தின் மேல்கோடியில் ஒரு காலத்தில் உப்புக் கிடங்கு இருந்தது. கூரை விழுந்து, பக்கச்சுவர்களும் விழுந்து, பெரிய வீதியைப் பார்த்த முன்சுவர் மட்டும் ஏதோ பிடிவாதத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தால் போதும் என்றார் அவர்.

"சட்டம் வாசல்ல விளக்கு வைக்கச் சொல்லுது. உள்ள அடுப்பு இருக்கா, கட்டில் இருக்கான்னு கேக்கல. விளக்கு எரிஞ்சா அங்க புரோவோஸ்ட் குடியிருக்கார்னு அர்த்தம். மத்தபடி வீடுங்கறது அவரவர் சொந்த வசதி. மன்றம் அதுல தலையிடறதில்ல."

மன்றம் கைதட்டியது. பச்சை வண்ணம் பூசிய கதவு வந்தது. பித்தளைக் கைப்பிடி வந்தது. முன்னால் வெள்ளைக் கல்லில் ஒரு வாசற்படியும், இரு பக்கமும் விளக்குக் கம்பங்களும் வந்தன. கதவைத் திறந்தால் பின்னால் தொட்டால் அரிக்கும் நெட்டிலிச் செடிகள், உடைந்த கல், அதைத் தாண்டினால் கூடைச்சந்து. இதுவே புரோவோஸ்ட்டின் இல்லம், குடும்பத்தோடு இங்கே வசிக்கிறார் என்று தீர்மானம் நிறைவேறியது. தான் எங்கே வசிக்கிறோம் என்பதை மட்ரி இவ்வாறு அறிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு, புதிய மன்றம் ஊர்வலமாகத் தேவாலயத்துக்குப் போகும் சடங்கு. ஊர்வலம் தொடங்க வேண்டியது புரோவோஸ்ட் வாசலில். கறுப்பு அங்கி, மும்முனைத் தொப்பி, வெள்ளிக் கோல், மேளக்காரன் எல்லாம் பச்சைக் கதவின் முன்னால் அணிவகுத்து நின்றன. மழை பெய்தது. கதவுக்குப் பின்னாலும் அதே மழைதான் பெய்தது. நெட்டிலிக்கு நடுவே சங்கிலியோடு நின்ற மட்ரி, கதவு தட்டப்படும் வரை வெளியே வரக்கூடாது என்ற விதிப்படி காத்திருந்தார். தட்டக்கூடாது, தட்டினால் அபராதம் என்ற விதிப்படி வெளியே இருந்தவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் பெக்கி கௌ ஒரு மீனால் கதவைத் தட்டினாள். கையால் தட்டினால்தான் அபராதம் என்று டல்சீல் தீர்ப்பளித்தார்.

கதவு திறந்ததும் பட்டப்பகலில் இரண்டு விளக்கையும் ஏற்றினார்கள். மழையில் நனைந்த தலைவர் தம் வீட்டிலிருந்து வெளியே வந்தார். ருத்வன் மரியாதையாகக் கை நீட்டி, வீடு சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

மறுநாள் மட்ரி நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கையெழுத்தே ருத்வனின் ஆலைக்கு ஆற்றங்கரையில் புதிய கட்டடம் எழுப்ப இடம் கொடுக்கும் தீர்மானத்துக்கு. போடச் சொன்னார்கள், போட்டார். இனி தம் முறை என்று எண்ணி, கூடைச்சந்துக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றார். ருத்வன் எழுந்து நின்றார்.

"புரோவோஸ்ட் ஐயா பெரிய வீதியில குடியிருக்கார். கூடைச்சந்துல குடியிருக்கிறவங்க விஷயத்துல பெரிய வீதிக்காரர் ஏன் மூக்கை நுழைக்கணும்? அவங்க கேட்டாங்களா? கேட்டிருந்தா அபராதம் வசூலாகியிருக்குமே. தண்ணி கெட்டுப் போச்சுன்னு ஒரு பேச்சு. கனவான்களே, மலையூத்துலருந்து என் ஆலைக்குக் குழாய் வருது. அருமையான தண்ணி, நானே சாட்சி. அந்தத் தண்ணியத்தான் பீரா மாத்தி நியாயமான விலைக்கு அந்தச் சந்துக்குக் கொடுத்திட்டு வரேன். ஆக, நல்ல தண்ணி அங்க தினமும் போய்க்கிட்டுதான் இருக்கு. அதையே மாத்தாம, சும்மா, இலவசமா விட்டா என்ன ஆகும்? வேலை செய்யாத தண்ணி வேலை செய்யாத மனுஷன் மாதிரி. ரெண்டும் தெருவுல ஓடும்."

மன்றம் நீண்ட நேரம் கைதட்டியது. சந்தில் குடியிருந்தபோது சந்துக்காகப் பேசினால் சுயநலம், குடியிருக்காதபோது பேசினால் அத்துமீறல் என்பது மட்ரிக்கு விளங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தால் அங்கே போய் நின்று பேசலாம் என்று நினைத்தார். அப்படி ஓர் இடம் ஊரில் இல்லை.

அன்று இரவு உணவின்போது எஃபியிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, அந்தப் பச்சைக் கதவு வீட்டில் யார் யார் குடியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். குடும்பத்தோடு என்று எழுதியிருக்கிறது என்றார். சரி என்றாள். திட்டாத எஃபியைப் பார்த்து மட்ரிக்குப் பயம் பிடித்தது.

கிர்க்டூலியில் எந்தப் பாவத்தையும் மன்னிப்பார்கள், கழுவாத வாசற்படியை மன்னிக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் பெண்கள் முழங்காலில் உட்கார்ந்து படியைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைக் களிமண்கட்டியால் ஓரங்களில் சுழிசுழியாகக் கோடு இழுப்பார்கள். படி அழுக்கென்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மானம் இல்லை என்று அர்த்தம். பச்சைக் கதவின் வெள்ளைப் படி கழுவப்படாமல் கிடந்தது. குதிரைச் சாணம் ஒட்டியது. கடற்காகங்கள் தங்கள் பங்கைச் செய்தன. மேலே இரண்டு விளக்கும் அந்த அசிங்கத்தை இரவெல்லாம் எடுத்துக் காட்டின. இரண்டாவது வாரம், திருமதி ருத்வன் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்று தேவாலயத்துக்குச் சுற்றிப் போகத் தொடங்கினாள். இதற்கிடையில் மாவட்டத்துப் பெரிய பிரபு பெரிய வீதி வழியாகப் பயணம் போகிறார் என்று செய்தி வந்தது.

டல்சீல் கூடைச்சந்துக்கு ஓடி வந்தார். எஃபி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நகரத்தின் மானம் அவள் முழங்காலில் இருக்கிறது என்ற பொருள்பட நீளமாகப் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"கழுவறதுக்கு எனக்கு என்ன ஐயா வலிக்குது? எந்தத் தண்ணியில கழுவறது?"

டல்சீல் கிணற்றைக் கை காட்டினார்.

"அது கூடைச்சந்துக்காரங்க கிணறாச்சே. நாங்க பெரிய வீதியில இல்ல குடியிருக்கோம்? அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கலாமா? அதுவும் போகட்டும், அந்தத் தண்ணிய எடுத்துப் படியில ஊத்தறேன்னு வைங்க. பிரபு மூக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு? அவங்கவங்க வீட்டுப் படிய அவங்கவங்க வீட்டுத் தண்ணியிலதான் கழுவணும். எங்க வீட்டுக்குத் தண்ணி கொடுங்க. படியில உங்க முகத்தைப் பாத்துச் சவரம் பண்ணிக்கலாம்."

ஆண்டுக்கணக்காக நடக்காதது அந்த வாரத்துக்குள் நடந்தது. ருத்வன் ஆலைக்குப் போகும் குழாய் பெரிய வீதிக்கு அடியில்தான் ஓடியது. கழுவாத படியை விடக் கிளைக் குழாய் மேல் என்று மன்றம் முடிவு செய்தது. ருத்வன்தான் முன்மொழிந்தார். வீட்டுக்குப் போனால் அவருக்கும் ஒரு மனைவி இருந்தாள். குழாயை வாசலில் வைப்பதா, உள்ளே வைப்பதா என்று ஒரு விவாதம் நடந்தது. தெருவில் குழாய் ஏழைகளுக்கு, கனவான் வீட்டில் குழாய் உள்ளேதான் இருக்கும் என்றார் டல்சீல். ஆகவே கதவுக்குப் பின்னால், நெட்டிலிக்கு நடுவே, கூடைச்சந்தின் தலைமாட்டில் ஒரு பித்தளைக் குழாய் முளைத்தது.

எஃபி முதல் வாளியைப் பிடித்து மேரியனின் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். இரண்டாவது வாளியில் படியைக் கழுவிச் சுழி போட்டாள். பிரபுவின் வண்டி நிற்காமல் போயிற்று. உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு சந்தே வாளியோடு வந்தது. கிணற்றைச் சீண்டுவாரில்லை. மாலையில் பீருக்காக ஆலை வாசலுக்கு வரும் குவளைகள் குறைந்தன. ருத்வனுக்குத் தண்ணீரின் தீமைகள் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தன. அவசரக் கூட்டம் கூடியது. புரோவோஸ்ட் இல்லத்துக்குள் கண்ட கண்ட ஜனங்கள் நுழைகிறார்கள், தலைவரின் கௌரவத்தைக் காப்பாற்றக் குழாயைப் பிடுங்க வேண்டும் என்று முன்மொழிந்தார். மட்ரி திரும்பிப் பார்த்தார். பார்வையாளர் வரிசையில் எஃபி பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். மேரியனின் கடைக்குட்டி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மட்ரி எழுந்தார்.

"அவங்க கண்ட ஜனங்க இல்ல, பெய்லி. என் குடும்பம்."

மன்றம் சிரித்தது. மீன்காரி பெக்கி கௌவுமா என்று யாரோ கேட்டார்கள். அவளும்தான் என்றார் மட்ரி. குடும்பத்தோடு வசிக்கிறார் என்று மன்றமே தீர்மானம் போட்டிருக்கிறது, எத்தனை பேர் என்று போடவில்லை, அந்த வீட்டில் தண்ணீர் எடுக்கிறவர்கள் அந்த வீட்டு ஆட்கள்தானே என்று சந்தேகம் கேட்கிறவர்போலவே கேட்டார். ருத்வனுக்குப் பொறுமை போயிற்று.

"எந்த வீடு? அங்க ஏதுய்யா வீடு? வெறும் சுவரு! பின்னால செடி முளைச்சுக் கிடக்கு!"

டல்சீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீடு இல்லையா?" என்றார் மட்ரி. அவருக்கு உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. "நான் தெரியாமத்தான் கேக்கறேன். வீடு இல்லேன்னா அது வாசல் இல்ல. வாசல் இல்லேன்னா விளக்கு செல்லாது. விளக்கு செல்லாதுன்னா நான் புரோவோஸ்ட்டே இல்லையே. அப்போ நான் போட்ட கையெழுத்து? ஆத்தங்கரையில உங்க கட்டடம் பாதி எழும்பியிருக்கே, பெய்லி, அதை யாரு இடிப்பாங்க?"

ருத்வன் மெல்ல உட்கார்ந்தார். டல்சீல் எழுந்து, பெய்லி ஐயா கவித்துவமாகப் பேசினார் என்று விளக்கினார். புரோவோஸ்ட்டின் இல்லம் உறுதியானது, விசாலமானது, காற்றோட்டமானது. அதன் காற்றோட்டத்தை யாரும் மறுக்க முடியவில்லை. புரோவோஸ்ட்டின் பெரிய குடும்பத்தை மன்றம் மனமார வாழ்த்துகிறது என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் ருத்வன்.

தீர்மானம் என்றால் தீர்மானம்தான். தேவாலயத்தில் புரோவோஸ்ட் குடும்பத்துக்கென்று முன்வரிசை ஒதுக்கியிருந்தது. அடுத்த ஞாயிறு கூடைச்சந்து முழுவதும் வந்து அதில் உட்கார்ந்தது. பெக்கி கௌ, திருமதி ருத்வனுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளுங்க அண்ணி என்றாள். அன்றைய பிரசங்கம் தாழ்மையைப் பற்றியது. பாதிரியார் அதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

மட்ரியின் காலம் முடிந்து ருத்வன் புரோவோஸ்ட் ஆனார். ஓய்வு பெற்ற தலைவரின் விளக்குகளை எடுக்கக் கூடாது என்பது மரபு. ஆகவே பச்சைக் கதவும் விளக்கும் குழாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. சில ஆண்டுகள் கழித்து அந்தச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பதிக்க மன்றம் முடிவு செய்தது. திறப்பு விழாவுக்கு மட்ரியும் வந்திருந்தார். இந்த இல்லத்தில் வால்டர் மட்ரி தம் பெரிய குடும்பத்தோடு வாழ்ந்து மறைந்தார் என்று கல்லில் இருந்தது. தாம் இன்னும் மறையவில்லையே என்று சொல்ல அவர் வாயெடுத்தார். தீர்மானம் அப்படித்தான் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்று டல்சீல் காதில் சொன்னார். கீழே, பெரிய எழுத்தில், இந்நகரின் ஏழைகளுக்குத் தண்ணீர் தந்தவர் புரோவோஸ்ட் ருத்வன் என்று இருந்தது.

ருத்வன் கழுவிய படியின் மேல் ஏறி நின்று பேசினார். கூடைச்சந்துக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பது தம் வாழ்நாள் கனவு என்றார். அதற்காகத் தாம் பட்ட பாடு தமக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும் என்றார். குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

பச்சைக் கதவு உள்ளிருந்து திறந்தது. எஃபி வாளியோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க ஐயா. படி அழுக்காயிடுச்சு."

அவர் நகருவதற்குள் ஊற்றிவிட்டாள். தண்ணீர் அவருடைய பளபளக்கும் காலணிகளுக்குள் இறங்கி, படியில் வழிந்து, பெரிய வீதியில் ஓடியது. அருமையான தண்ணீர். அவர் காலணியில் ஒரு கறைகூடப் படியவில்லை.